பழைய லென்ஸ், புதிய கேமரா

(ஒளிப்படக்கலை பயிலும் மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1975-இல் வெளியான 'பேரி லிண்டன்' என்ற படத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நடக்கும் கதை. மின்விளக்கு இல்லாத காலம் என்பதால் சில இரவுக் காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்று இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் உறுதியாக இருந்தார். அன்றைய பிலிமுக்கு அந்த வெளிச்சம் போதாது. வழக்கமான சினிமா லென்ஸ்களாலும் அதைச் சமாளிக்க முடியாது. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் நாசாவுக்காக 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸ்கள் சிலவற்றைச் செய்திருந்தது. அவற்றில் மூன்றை குப்ரிக் வாங்கினார்.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. அந்த லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி பிலிமுக்குச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டும். சினிமா கேமரா எதிலும் அவ்வளவு உள்ளே இடம் கிடையாது. எட் டிஜூலியோ என்ற தொழில்நுட்ப வல்லுநர் ஒரு மிட்செல் பிஎன்சி கேமராவை எடுத்து, முன்பகுதியைக் கடைந்து, ஷட்டரை இடம் மாற்றி, அந்த லென்ஸ் உட்காரும்படி செய்தார். அதற்குப் பின் அந்தக் கேமராவில் வேறெந்த லென்ஸும் பொருந்தாது என்று ஆகிவிட்டது. தெரிந்தேதான் செய்தார்கள். எடுக்க வேண்டிய படம் எது என்று முதலில் முடிவானது, அதற்கான லென்ஸ் பிறகு வந்தது, கேமரா கடைசியாகத்தான் வந்தது.

நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். முதலில் கேமரா வாங்குகிறோம். பெட்டிக்குள் வந்த கிட் லென்ஸையே மாட்டிக்கொண்டு படம் எடுக்கிறோம். படம் சரியில்லை என்றால் அடுத்த கேமராவுக்குப் பணம் சேர்க்கிறோம். இந்தப் பழக்கத்திலிருந்து உங்களை விலக்கிக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் இன்றைய என் பேச்சின் நோக்கம். லென்ஸைத் தேர்ந்தெடுக்க விளம்பரம் வேண்டாம், அளவுநாடா போதும். நிற்கும் இடத்தை அளக்க வேண்டும், வெளிச்சத்தை அளக்க வேண்டும், லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தையும் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் சொன்னதை நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் இடம். ஃபோகல் லெங்த் என்றாலே 'எவ்வளவு தூரம் இழுக்கும்' என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை அடி தள்ளி நின்றால் எத்தனை அடி அகலம் படத்துக்குள் வரும் என்று கேட்டுப் பாருங்கள், உடனே விஷயம் தெளிவாகும். இதற்குக் கணக்கு எளிது. சென்சாரின் அகலத்தை ஃபோகல் லெங்த்தால் வகுத்து, நீங்கள் நிற்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. நம்மில் பலர் வைத்திருக்கும் ஏபிஎஸ்-சி வகையில் ஏறக்குறைய 23.5 மி.மீ. கேனனில் இன்னும் கொஞ்சம் குறைவு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் 17.3 மி.மீ.

வீட்டு விசேஷத்தில் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள், பத்தடி அகலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் மாட்டியிருந்தால் நீங்கள் 21 அடி பின்னால் போக வேண்டும். 35 மி.மீ. என்றால் 15 அடி. 24 மி.மீ. என்றால் 10 அடி. நம் வீட்டுக் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு. சுவரை இடித்துவிட்டா படம் எடுக்க முடியும்? ஆனாலும் கிட் லென்ஸுக்கு அடுத்தபடியாக 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறார்கள். விலை குறைவு, பின்னணி நன்றாகக் கலங்கும் என்பது காரணம். ஒருவர் முகத்தை மட்டும் எடுப்பவர்களுக்கு அது அருமையான லென்ஸ். குடும்பம், கடை, சமையலறை, வகுப்பறை என்று மனிதர்கள் வாழும் இடங்களை எடுக்க விரும்புகிறவர்கள், ஏபிஎஸ்-சி வைத்திருந்தால், 35 மி.மீ. அல்லது அதற்கும் குறைவானதை வாங்குவதே சரி.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மூக்கு பெரிதாகத் தெரிகிறது, முகம் தட்டையாகத் தெரிகிறது என்பதற்கெல்லாம் லென்ஸ் காரணமில்லை. நீங்கள் எவ்வளவு அருகில் நிற்கிறீர்கள் என்பதே காரணம். இரண்டடியில் நின்று எடுத்தால் எந்த லென்ஸிலும் மூக்கு முன்னால்தான் வரும். ஏழெட்டு அடி தள்ளி நின்றால் எந்த லென்ஸிலும் முகம் இயல்பாக இருக்கும்.

பறவை எடுப்பவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வேடந்தாங்கலில் 40 மீட்டர் தள்ளி மரத்தில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை நிற்கிறது. உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். 400 மி.மீ. லென்ஸ், ஏபிஎஸ்-சி கேமரா. படத்தின் உயரத்துக்குள் ஒன்றரை மீட்டர் அடங்கும். ஆக, நாரை மூன்றில் இரண்டு பங்கை நிரப்பிவிடும், போதும். அதே தூரத்தில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால் 400-ம் போதாது. வாங்குவதற்கு முன்னாலேயே இது தெரிந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைக் கிட் லென்ஸில் எடுத்துப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஜூமை 55 மி.மீ. வரை இழுத்தால் அந்த லென்ஸின் அபெர்ச்சர் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் பதினைந்தில் ஒரு நொடி தேவைப்பட்ட இடத்தில் இதில் நூற்றைம்பதில் ஒரு நொடி போதும். சுழன்று ஆடும் கலைஞரின் கை கிட் லென்ஸில் வெறும் தீற்றலாகப் பதியும், இந்த லென்ஸில் கையாகவே பதியும். ஒரு கேமராவிலிருந்து அதற்கடுத்த மாடலுக்கு மாறினால் இத்தனை மடங்கு ஆதாயம் ஒருபோதும் கிடைக்காது. அதனால்தான் பணத்தை லென்ஸில் போடுங்கள் என்கிறேன். ஆனால் முழுக்கத் திறந்து எடுக்கும்போது ஃபோகஸ் நிற்கும் ஆழம் மிகவும் குறையும். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ., எஃப் 1.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் பத்துப் பதினோரு சென்டிமீட்டர்தான். ஆடுகிறவர் ஒரு அடி முன்னால் வைத்தாலே ஃபோகஸ் போய்விடும். எஃப் 2.8-க்கு மூடிக்கொண்டு, ஐஎஸ்ஓ-வை ஏற்றிக்கொள்வது நல்லது.

இனி மூன்றாவது அளவு. உங்கள் கேமராவின் மேல்புறத்தைப் பாருங்கள். ஒரு சிறு வட்டமும், அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடும் பொறித்திருக்கும். சென்சார் இருக்கும் தளம் அந்தக் கோட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கிருந்து, லென்ஸ் மாட்டும் உலோக வளையத்தின் முகப்பு வரை உள்ள தூரத்தை ஃபிளேஞ்ச் தூரம் என்பார்கள். நிக்கான் எஃப் மவுண்டுக்கு இது 46.5 மி.மீ. பழைய திருகு மவுண்டான எம்42-வுக்கும், பென்டாக்ஸ் கே-வுக்கும் 45.46. கேனன் ஈஎஃப் 44, மினோல்டா 43.5, கேனனின் பழைய எஃப்டி 42. லைக்கா எம் 27.8. இப்போது மிரர்லெஸ் கேமராக்களுக்கு வாருங்கள். கேனன் ஆர்எஃப் 20, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25, சோனி ஈ 18, ஃபியூஜி எக்ஸ் 17.7, நிக்கான் இஸட் 16.

விதி ஒன்றுதான். லென்ஸின் எண் கேமராவின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் பொருத்தலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு நீளத்தில் ஒரு உலோகக் குழாய் வேண்டும். அடாப்டர் என்று விற்கிறார்களே, பெரும்பாலும் அது இந்த வெற்றுக் குழாய்தான், உள்ளே கண்ணாடி எதுவும் இருக்காது. எம்42 லென்ஸை சோனியில் மாட்ட 45.46-லிருந்து 18-ஐக் கழியுங்கள், 27.46 மி.மீ. குழாய். குறைந்த விலையிலேயே கிடைக்கும். குப்ரிக்குக்காக ஒரு கேமராவையே கடைந்தார்கள், நமக்குக் கழித்தல் கணக்குப் போதுமானதாக இருக்கிறது.

லென்ஸின் எண் சிறிதாக இருந்தால்? அதே எம்42 லென்ஸை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 46.5-க்கு 1.04 மி.மீ. குறைகிறது. லென்ஸ் சென்சாரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தள்ளி நிற்கும், அவ்வளவுதானே என்று தோன்றும். 50 மி.மீ. லென்ஸில் அந்த ஒரு மில்லிமீட்டர் என்ன செய்யும் தெரியுமா? இரண்டரை மீட்டருக்கு அப்பால் எதையும் ஃபோகஸ் செய்ய முடியாது. பூ எடுக்கலாம், எதிரில் உட்கார்ந்திருப்பவரை எடுக்கலாம், கோபுரத்தை எடுக்க முடியாது. இதைச் சரிசெய்ய நடுவில் ஒரு சிறு கண்ணாடி வைத்த அடாப்டர்கள் உண்டு. விலை மலிவானவற்றில் அந்தக் கண்ணாடி நல்ல லென்ஸையும் கெடுத்துவிடும். நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் பிற நிறுவன லென்ஸ்களைத் தேட வேண்டாம், பழைய நிக்கான் லென்ஸ்களையே தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மேலே சொன்ன எஸ்எல்ஆர் கேமராக்களின் எண்கள் எல்லாமே நாற்பதுக்கு மேல் இருக்கக் காரணம் உள்ளே இருந்த பிரதிபலிக்கும் கண்ணாடி. அது மேலும் கீழும் ஏறி இறங்க இடம் தேவைப்பட்டது. 2008-இல் பானசோனிக்கின் ஜி1 அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டது. 2010-இல் சோனி ஈ மவுண்ட் வந்தது, 2013-இல் ஃபுல் ஃபிரேமில் ஏ7 வந்தது, 2018-இல் நிக்கானும் கேனனும் தங்கள் புதிய மவுண்டுகளோடு இறங்கின. எண்கள் இருபதுக்கும் அதற்குக் கீழேயும் வந்ததும், ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் செய்யப்பட்ட எஸ்எல்ஆர் லென்ஸ்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. நிறுவனங்கள் திட்டமிட்டுச் செய்ததில்லை இது, கேமரா மெலிந்ததால் தானாகக் கிடைத்த பலன். ஆனால் எதிர்த்திசையில் இது நடக்காது. மிரர்லெஸ்ஸுக்கென்று செய்த லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்ட வழியே இல்லை. அப்படி மாட்ட வேண்டுமானால் லென்ஸ் கேமராவுக்குள் புகுந்து, கண்ணாடி இருக்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும்.

மூன்று நிறுவனங்கள் இந்த எண்ணை எப்படி நடத்தின என்பது ஒரு நல்ல பாடம். எம்42 என்பது 42 மி.மீ. விட்டமும் ஒரு மில்லிமீட்டர் புரியிடைவெளியும் கொண்ட திருகு. 1949-இல் டிரெஸ்டனில் உருவான கான்டாக்ஸ் எஸ் கேமராவில் வந்தது. ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1957-இல் தன் பென்டாக்ஸில் அதை எடுத்துக்கொண்டது. பிறகு சோவியத் ஜெனித் கேமராக்களும் அதற்கு மாறின. யாருடைய தனிச்சொத்தாகவும் இல்லாமல், பல நாடுகளில் பல நிறுவனங்கள் ஒரே திருகில் லென்ஸ் செய்த காலம் அது. 1975-இல் பென்டாக்ஸ் திருகை விட்டு, சட்டென்று மாட்டக்கூடிய கே மவுண்டுக்கு மாறியது. அப்போது அவர்கள் ஃபிளேஞ்ச் தூரத்தை மாற்றவில்லை, அதே 45.46. ஒரு சிறு வளையம் போட்டால் பழைய திருகு லென்ஸ் புதிய கேமராவில் வேலை செய்தது. வாடிக்கையாளர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்ததை மதித்தார்கள்.

நிக்கான் 1959-இல் தொடங்கிய எஃப் மவுண்டின் வடிவத்தைப் பல பத்தாண்டுகள் மாற்றாமல் காத்தது. ஆனால் அதற்குள்ளும் நுணுக்கங்கள் உண்டு. 1977-க்கு முந்தைய, ஏஐ என்ற முறை வருவதற்கு முன் செய்த லென்ஸ்களை, அபெர்ச்சரைத் தொட்டு உணரும் சிறு நெம்பு உள்ள கேமராக்களில் மாட்டினால் அந்த நெம்பு உடையக்கூடும். விலை குறைந்த டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த நெம்பே கிடையாது என்பதால் அவற்றில் பயமில்லாமல் மாட்டலாம். ஆனால் அவற்றில் எக்ஸ்போஷர் மீட்டர் வேலை செய்யாது. ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராமைப் பார்த்து, நீங்களே திருத்திக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. இதே வரிசைகளில் ஆட்டோஃபோகஸ் மோட்டாரும் கேமராவுக்குள் இல்லை. ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நிக்கான் மிரர்லெஸ்ஸுக்கான எஃப்டிஇஸட் அடாப்டரிலும் அந்த மோட்டார் கிடையாது. இது தெரியாமல், 'ஆட்டோஃபோகஸ் லென்ஸ்' என்ற பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு.

கேனன் வேறு வழியில் போனது. 1987-இல் எஃப்டி மவுண்டை அப்படியே கைவிட்டு ஈஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார், எல்லாக் கட்டளைகளும் மின்சாரம் வழியே. தொழில்நுட்ப ரீதியில் அது தொலைநோக்கான முடிவு என்பதைக் காலம் நிரூபித்தது. ஆனால் எஃப்டி லென்ஸ்களில் வாழ்நாள் சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் கைவிடப்பட்டார்கள். எஃப்டி-யின் எண் 42, ஈஎஃப்-இன் எண் 44. இரண்டு மில்லிமீட்டர் பற்றாக்குறையால் அந்த அருமையான லென்ஸ்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் தூங்கின. மிரர்லெஸ் வந்த பிறகுதான் எழுந்தன.

ஈஎஃப்-இன் 44 இன்னொரு விதத்தில் பயன்பட்டது. 2008-இல் வந்த கேனன் 5டி மார்க் 2 ஃபுல் ஃபிரேமில் வீடியோ எடுத்தது. ஆனால் தொடக்கத்தில் வீடியோ எடுக்கும்போது அபெர்ச்சரை அது தானாகவே மாற்றிக்கொண்டிருந்தது. குறும்படக்காரர்கள் என்ன செய்தார்கள்? அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய நிக்கான் லென்ஸ்களை, இரண்டரை மில்லிமீட்டர் வளையம் போட்டு, கேனன் கேமராவில் மாட்டினார்கள். கேமராவால் அந்த வளையத்தைத் தொட முடியாதே. 2009-இல் கேனன் மென்பொருளைத் திருத்தி அந்தக் கட்டுப்பாட்டைப் பயனர் கையில் கொடுத்தது. இந்த வகைக் கேமராக்கள் திறந்துவிட்ட வழியில்தான் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' படத்தை விஜய் மில்டன் கேனன் 7டி-யில் ஒளிப்பதிவு செய்தார். 2012-இல் வந்த படம்.

அடாப்டர் வெற்றுக் குழாய் என்றேன். வெற்றுக் குழாய் என்பதாலேயே அதில் துல்லியம் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். குழாய் பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் என்ன ஆகும்? 200 மி.மீ. லென்ஸ் 400 மீட்டர் வரை ஃபோகஸ் செய்யும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டரோடு நின்றுவிடும். 24 மி.மீ. லென்ஸ் ஆறு மீட்டரைக்கூடத் தாண்டாது. லென்ஸ் எவ்வளவு அகலமோ, அடாப்டர் அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும். மலிவான அடாப்டர் செய்கிறவர்கள் இதற்குப் பயந்து குழாயைக் கொஞ்சம் குட்டையாகவே கடைகிறார்கள். முடிவிலியைத் தாண்டியும் ஃபோகஸ் வளையம் திரும்பும். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் தூர அளவுகள் பொய்யாகிவிடும். ஆகவே, வளையத்தைக் கடைசிவரை திருப்பி வைத்துவிட்டு மலையை எடுக்காதீர்கள். திரையைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள்.

பழைய லென்ஸை மாட்டியதும் ஷட்டர் வேலை செய்யவில்லை என்று பலர் பதறுவார்கள். லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. மெனுவில் 'ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்' என்பதை இயக்கிவிட்டால் போதும். கேமராவுக்குள் அதிர்வுத் தடுப்பு இருந்தால், லென்ஸின் ஃபோகல் லெங்த்தை நீங்களே மெனுவில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கேமரா தவறான அளவுக்குத் திருத்தம் செய்து படத்தை இன்னும் கலக்கிவிடும்.

பழைய லென்ஸ் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. எங்கே நல்லது, எங்கே வேண்டாம் என்று பிரித்துச் சொல்கிறேன். ஏபிஎஸ்-சி கேமரா பழைய லென்ஸின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அங்கேதான் லென்ஸ் கூர்மையாக இருக்கும், அது லாபம். ஆனால் 28 மி.மீ. என்ற பழைய வைடு லென்ஸ் உங்கள் கேமராவில் 42 மி.மீ. போலக் காட்டும், அகலமே போய்விடும். லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் வைடு லென்ஸ்களில் வேறொரு சிக்கல். அவற்றின் பின்கண்ணாடி பிலிமுக்கு நெருக்கமாக இருப்பதால் ஒளி ஓரங்களில் மிகவும் சாய்ந்து விழுகிறது. பிலிம் அதைத் தாங்கியது. சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி அடுக்கு தாங்குவதில்லை. மூலைகள் குழம்பும், சில சமயம் செந்நீலம் படியும். எனவே வைடு வேண்டுமென்றால் புதிதாக, உங்கள் மவுண்டுக்கே செய்ததை வாங்குங்கள். 50-லிருந்து 135 வரை பழையதைத் தேடுங்கள்.

சோவியத் ஹீலியோஸ் 44-ஐ விரும்பாதவர்கள் குறைவு. 58 மி.மீ., எஃப் 2. ஸைஸின் போருக்கு முந்தைய பயோட்டார் லென்ஸின் வழியில் வந்தது, ஜெனித் கேமராக்களோடு பெருமளவில் விற்றது. பின்னணியில் இலைகள் சுழல்வதுபோலத் தெரியுமே, அதற்காகவே வாங்குகிறார்கள். அந்தச் சுழற்சி படத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சார் ஓரத்தை வெட்டிவிடும். ஃபுல் ஃபிரேம் இல்லாதவர்கள் சுழற்சிக்காக அதை வாங்க வேண்டாம், முகப்படத்துக்காக வாங்கலாம்.

0.71 மடங்காகச் சுருக்கும் கண்ணாடி வைத்த அடாப்டர்களும் உண்டு. மெட்டாபோன்ஸ் நிறுவனம் 2013-இல் 'ஸ்பீடு பூஸ்டர்' என்ற பெயரில் கொண்டுவந்தது. 50 மி.மீ. லென்ஸ் 35 ஆகும், ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கூடும். நல்லதாக வாங்கினால் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்காரர்களுக்கு மிகவும் பயன்படும்.

மின்சாரத்தில் இயங்கும் லென்ஸ்களை வெற்றுக் குழாயில் மாட்டாதீர்கள். கேனன் ஈஎஃப் லென்ஸின் அபெர்ச்சர் முழுக்கத் திறந்தே நின்றுவிடும். அவற்றுக்குத் தொடுமுனைகள் உள்ள அடாப்டர்தான் வேண்டும்.

நம் ஊர்களுக்கு நெருக்கமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பிலிம் காலத்து ஸ்டூடியோக்களின் இருட்டறையில் என்லார்ஜர் இருந்தது. நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் அந்த எந்திரத்தின் அடியில் ஒரு சிறிய லென்ஸ் இருக்கும். நிக்கானின் ஈஎல்-நிக்கார் 50 மி.மீ. எஃப் 2.8 அவற்றில் புகழ்பெற்றது. 39 மி.மீ. திருகு. ஃபோகஸ் வளையம் கிடையாது என்பதால் யாரும் அதைக் கேமரா லென்ஸாக நினைப்பதில்லை. ஆனால் தட்டையான ஒரு பரப்பை, மிக அருகிலிருந்து, மூலை முதல் மூலை வரை கூர்மையாகக் காட்டுவதற்கென்றே செய்தது அது. பெல்லோஸிலோ, நீளும் குழாயிலோ மாட்டினால் சிறந்த மேக்ரோ லென்ஸ் ஆகிவிடும். 35 மி.மீ. நெகட்டிவ் ஒன்றை ஏபிஎஸ்-சி சென்சாரை நிரப்பும்படி எடுக்க, அந்த லென்ஸை, அது முடிவிலிக்கு நிற்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய 33 மி.மீ. முன்னால் தள்ள வேண்டும். ஃபுல் ஃபிரேம் என்றால் 50 மி.மீ. கீழே ஒரு வெள்ளை விளக்குப் பலகை, மேலே கேமரா. வீட்டிலிருக்கும் பழைய நெகட்டிவ்கள் அத்தனையையும் காப்பாற்றிவிடலாம். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணிமமாக்கிப் பாதுகாத்தது. அதுபோன்ற பணியை ஒவ்வொரு குடும்பமும் தன் அளவில் செய்ய இந்தச் சிறிய லென்ஸ் போதும்.

வீட்டில் இருக்கும் எல்லாப் பழைய கேமராவும் உதவாது. அக்ஃபா கிளிக் த்ரீ, யாஷிகா மேட் போன்றவற்றில் லென்ஸ் கேமராவோடு சேர்ந்தே இருக்கும். அவற்றைப் பிரித்துக் கெடுக்காமல் அப்படியே பத்திரமாக வையுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். தூசி சில இருந்தால் கவலையில்லை. முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல்கூடப் படத்தில் தெரியாது. சிலந்தி இழைபோல் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். பால் படிந்ததுபோல் இருந்தால் உள்ளே மங்கல் ஏறிவிட்டது. இந்த இரண்டும் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். பிறகு அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பி, தகடுகள் சட்டென்று மூடித் திறக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய் படிந்திருந்தால் மெதுவாக நகரும். பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 மஞ்சளித்திருந்தால் பயப்பட வேண்டாம். அதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது, காலப்போக்கில் நிறம் மாறும். புற ஊதா ஒளியில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கதிரியக்கம் மிகக் குறைவு, சாதாரணமாகப் பயன்படுத்தலாம். அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது.

ஃபங்கஸ் நம் கடற்கரை ஊர்களின் நிரந்தரப் பகை. ஈரப்பதம் தொடர்ந்து 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வளரும். 40-க்கும் 50-க்கும் இடையில் வையுங்கள். விலை உயர்ந்த டிரை கேபினட் எல்லோருக்கும் தேவையில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு கருவி போதும். நீல ஜெல் வெளிறி இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள். அரிசி போடாதீர்கள், தூள்தான் சேரும். லென்ஸோடு வந்த தோல் உறையைத் தூக்கி வையுங்கள். அது ஈரத்தையும் பிடித்துவைக்கும், பூஞ்சைக்கும் உணவாகும். எல்லாவற்றையும்விட முக்கியம், லென்ஸை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

சிறு நகரங்களில் பழைய ஸ்டூடியோக்கள் மூடிக்கொண்டிருக்கின்றன. கடையைக் காலி செய்யும்போது என்லார்ஜரும் லென்ஸும் இரும்பு விலைக்குப் போகின்றன. உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரரிடம் போய், உட்கார்ந்து பேசி, அலமாரியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இருந்தால் அதன் ஃபிளேஞ்ச் எண்ணைப் பார்த்து, உங்கள் கேமராவோடு கழித்துப் பாருங்கள். பொருந்தினால் நியாயமான விலை கொடுத்து வாங்குங்கள், அந்த லென்ஸில் அவர் எடுத்த படங்களையும் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பொருந்தாவிட்டால், யாருக்குப் பொருந்துமோ அந்த மாணவரிடம் தகவல் சொல்லுங்கள். பழைய இரும்புக்கடைக்குப் போவதற்கு முன் நீங்கள் போய்விட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.